கூரை ஊசி

சின்னச்சாமிக்கு இருந்தது ஒரே ஒரு சீடன். அவனும் சாமியைவிட வயதில் மூத்தவன்.

பெயர் எல்லப்பன். வீடு கட்டுகிற வேலை. மரத்தை நட்டு, மரத்தின் மேல் மரத்தை ஏற்றி, அதன் மேல் விழல் வேய்ந்து கொடுப்பான். விழல் என்பது ஏரிப்பக்கம் ஆள் உயரத்துக்கு வளரும் புல். சுற்றுவட்டாரத்துக் கூரை வீடுகளில் பாதி அவன் கை வைத்தவை.

சாமி வந்து தங்க ஏரிக்கரையில் ஒரு குடிசை வேண்டுமென்று ஊரார் அவனைத்தான் கூப்பிட்டார்கள். கட்டி முடித்தான். கூலி நெல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"ஏதாவது விட்டுப்போச்சா?" என்று சாமி கேட்டார்.

"இல்லைங்க சாமி. சும்மாதான்."

அதற்கடுத்த நாளும் வந்தான். பிறகு வராத நாள் இல்லை. ஊரில் கேலி செய்தார்கள். தாடி நரைத்த சீடனுக்கு மீசை கறுத்த குருவா என்றார்கள். எல்லப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாமி அதிகம் பேசமாட்டார். எல்லப்பனுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஒரு நாள் அவனே பேச்செடுத்தான்.

"சாமி, மனசுல ஒண்ணு கெடக்குது. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலை."

"என்கிட்டச் சொல்லேன்."

"உங்ககிட்டச் சொல்லலாம். நீங்களும் கேட்டுக்குவீங்க. ஆனா நீங்க அவளைப் பார்த்ததில்லியே."

"யாரை?"

எல்லப்பன் தரையில் கிடந்த ஒரு விழல் தண்டை எடுத்து மடக்கினான். நீட்டினான். மறுபடியும் மடக்கினான்.

"என் சின்னப் பொண்ணு. பச்சை."

சாமி காத்திருந்தார்.

"கூரை வேயறதுக்கு ரெண்டு ஆளு வேணும் சாமி. ஒருத்தன் மேல. ஒருத்தன் உள்ள. மேல இருக்கிறவன் விழலைப் பரப்பி, கயிறு கோத்த ஊசியை உள்ள குத்துவான். மூங்கில்ல சீவின ஊசி, முழங்கை நீளம் இருக்கும். உள்ள இருக்கிற ஆளு அதை வாங்கி, குறுக்குக் கம்பு இருக்கே, வரிச்சு, அதைச் சுத்தி மறுபடி மேல குத்தி விடணும். அப்பத்தான் விழல் வரிச்சோட சேர்ந்து நிக்கும். எங்க வீட்டுல உள்ள இருந்து வாங்குறது பச்சைதான். விட்டத்து மேல பலகை போட்டு உட்கார்ந்துக்குவா."

"ம்."

"மேல இருக்கிறவனுக்கு உள்ள இருக்கிறவங்க முகம் தெரியாது. நடுவுல கூரை. 'வருது'ம்பேன். 'வந்துச்சு'ம்பா. அவ்வளவுதான் பேச்சு. பொழுதுக்கும் அந்த ரெண்டு சொல்லுதான். கயிறு எப்பவும் ஈரமாத்தான் மேல வரும். ஏன்டி நனைக்கிறேன்னு கேட்டா, அம்மா சொல்லிச்சும்பா."

விழல் தண்டு முறிந்தது. அதைக் கீழே போட்டான்.

"காய்ச்சல் சாமி. வெறும் காய்ச்சல். அடுத்த வேய்ச்சலுக்கு அவ இல்லை."

ஏரியில் ஒரு நீர்க்கோழி கத்திவிட்டு அடங்கியது.

"அப்புறம் உன் வீட்டுக்கு யார் ஊசி வாங்குறது?" என்று சாமி கேட்டார்.

"யாரும் இல்லை. ஊர் வேலைக்குக் கூலி ஆளு வருவான். என் வீட்டுல அந்தப் பலகையில நான் யாரையும் ஏற விடறதில்லை. பழைய விழலையும் பிரிக்கிறதில்லை. அது அவ கட்டினது. அதுக்கு மேலேயே புதுசு போட்டு, பழைய விழல்லயே குத்திக் கட்டிக்குவேன். ஊசி வரிச்சு வரைக்கும் போறதில்லை."

எல்லப்பன் முறிந்த தண்டைக் காலால் ஒதுக்கினான்.

"அவளைப் பத்திப் பேச எனக்கு யாரும் இல்லை சாமி. இதை நான் யார்கிட்டச் சொல்லுவேன்?"

சாமி நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அதன்பின் அவர் சொல்லவில்லை. எல்லப்பனும் கேட்கவில்லை.

*

ஐப்பசி பிறந்தது. ஒரு முற்பகலில் எல்லப்பனின் மனைவி கன்னியம்மாள் ஏரிக்கரைக்கு வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"உங்க சீடப்புள்ளைக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க சாமி. நான் சொன்னா ஏற மாட்டேங்குது."

"உட்காரும்மா."

"உட்கார நேரமில்லை. பெரியவ செல்லி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அடுப்புல உலை கெடக்குது. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கிறவளைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "வீட்டுக் கூரையைப் பார்த்தீங்களா? வீடா அது, வைக்கோல் போரா? ஊரார் வீட்டையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறாரு. எங்க வீட்டு மேல மட்டும் ஏத்திக்கிட்டே போறாரு. கூரையைத் தாங்குற மேலண்டைக் கைமரம் பசு மாட்டு மடி மாதிரி தொங்குது. மழை பேஞ்சா கரகரன்னு சத்தம் வருது. செல்லி அதுக்கு நேர் கீழதான் படுத்திருக்கா. வேற எங்க படுப்பா? அந்த மூலைதான் ஒழுகாத மூலை."

"அவர்கிட்டச் சொன்னியா?"

"சொல்லாத நாளுண்டா? உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்னு சொல்வாரு. ஆமா, பயம்தான். மாடு தும்மினா பயம். புள்ளை இருமினா பயம். அன்னிக்கும் எல்லாரும் வெறும் காய்ச்சல்தான்னு சொன்னாங்க. நான் ஒருத்திதான் பயந்தேன்."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

"பச்சைக்காகவா?" என்றார் சாமி.

கன்னியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல ஒரு தரம் திரும்பியும் பார்த்தாள்.

"அந்தப் பேரை எங்க வீட்டுல யாரும் சொல்றதில்லை சாமி" என்றாள். "அவரும் சொல்றதில்லை. நானும் சொல்றதில்லை. சொன்னா அவருக்குத் தாங்காது."

"உனக்கு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கைமரத்தைப் பார்க்கச் சொல்லுங்க சாமி. உலை பொங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

*

அன்று சாயங்காலம் சாமியே எல்லப்பன் வீட்டுக்குப் போனார். செல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து மோர் கொடுத்தாள். சாமி மோரைக் குடித்துவிட்டு வீட்டின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எல்லப்பா, வீட்டை எங்கேருந்து கட்ட ஆரம்பிப்பே?"

இத்தனை நாளில் சாமி தன் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லப்பனுக்கு முகம் மலர்ந்தது.

"காலுதான் சாமி முதல்ல. வேலங்காலு. தலையில கவை இருக்கிற மரமாப் பார்த்து வெட்டணும். கவையிலதான் விட்டம் உட்காரும்."

"மண்ணுல நட்டா கரையான் அரிக்காதா?"

"அடியைத் தீயில கருக்கித்தான் நடுவோம். கரிஞ்ச மரத்தைக் கரையான் தொடாது."

"அப்புறம்?"

"காலு மேல விட்டம். விட்டத்து நடுவுல குத்துக்கால். அது தலையில மோட்டுவளை. அதோ உச்சியில நீளமா ஓடுது பாருங்க, அது. அங்கேருந்து ரெண்டு பக்கமும் கைமரம் இறங்கும். பனையைப் பிளந்து எடுத்தது. கைமரத்துக்குக் குறுக்கே வரிச்சு. எங்கேயும் இரும்பு கிடையாது. துளை போட்டு மர முளை அடிக்கிறதுதான். மிச்சமெல்லாம் கத்தாழை நாரு."

"சுவரு?"

"சுவரு எதையும் தாங்குறதில்லை சாமி. அது காத்துக்கும் நாய்க்கும். குச்சியை நிறுத்திக் கட்டி ரெண்டு பக்கமும் மண்ணை அப்புறதுதான். சுவரு இடிஞ்சாலும் வீடு நிக்கும். காலும் கையும் நிக்கணும், அவ்வளவுதான்."

"கூரை?"

"கீழேருந்து மேல போகணும். இறவாரத்துல ஆரம்பிச்சு மோட்டுல முடிக்கணும். மேல் வரிசை கீழ் வரிசையை மூடினாத்தான் தண்ணி வழுக்கிக்கிட்டு ஓடும்."

"பழைய கூரை மேல புதுசு வேயலாமா?"

"ஒரு தரம் வேயலாம். மறுதரம் பிரிச்சுத்தான் ஆகணும். ஊறினா எடை கூடும். கைமரம் இவ்வளவு எடைதான் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கில்ல."

"எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்."

சாமி அண்ணாந்தபடியே நின்றார். மேற்குக் கைமரம் அவர் தலைக்கு மேல் வளைந்திருந்தது. எல்லப்பனும் அதைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"இது தாங்கும் சாமி. நல்ல வயிரம் பாய்ஞ்ச பனை."

சமையல் மூலையிலிருந்து பாத்திரத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

விட்டத்தின் மேல் ஒரு பலகை கிடந்தது. பலகைக்கு மேலே, வரிச்சிலிருந்து ஒரு கொட்டாங்குச்சி கயிற்றில் தொங்கியது. அடுப்புப் புகை ஏறி வீட்டின் மேல்பகுதி முழுக்கக் கறுத்திருந்தது. பலகை மட்டும் கறுக்கவில்லை.

"அதுதான் அவ பலகையா?" என்று சாமி தணிந்த குரலில் கேட்டார்.

"ஆமாங்க."

"சுத்தமா இருக்கே."

"இருக்கும் சாமி."

"யார் துடைக்கிறது?"

எல்லப்பன் யோசித்தான். அதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"யாராவது துடைப்பாங்க" என்றான்.

சாமி மோர்ச் செம்பைச் செல்லியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

*

அடைமழை பிடித்தது. எல்லப்பன் ஏரிக்கரைக்குப் போகவில்லை. மழைச் சத்தத்தில் கரகரப்பு கேட்கிறதா என்று கன்னியம்மாள் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். கேட்கும்போதெல்லாம் செல்லியைக் கட்டிலோடு கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாள். தள்ளிப் போட்ட இடத்தில் ஒழுகியது. மறுபடியும் பழைய இடத்துக்கே இழுத்தார்கள்.

"ஏங்க, ஒரு முட்டுக்கம்பாவது கொடுங்களேன்."

"மழை விடட்டும்."

"மழை விட்டா நீங்க வேற வீட்டு வேலைக்குப் போயிடுவீங்க."

"உனக்கு எதைப் பார்த்தாலும்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை.

உச்சிப்பொழுதில் செல்லி முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். கன்னியம்மாள் பின்னாலேயே போனாள், வழுக்கும் என்று. அவர்கள் கதவைத் தாண்டியதும் உள்ளே மரம் முறிந்தது.

பெரிய சத்தமில்லை. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போலத்தான் இருந்தது. கைமரம் நடுவில் மடங்கியது. ஊறிய விழல் ஒரு வண்டிச் சுமை அளவுக்குச் சரிந்து, செல்லியின் கட்டில்மேல் விழுந்தது. கட்டிலின் கால்கள் நான்கும் பரப்பிக்கொண்டன.

எல்லப்பன் வாசலில் நின்று பார்த்தான். கூரையில் விழுந்த ஓட்டை வழியாக மழை உள்ளே பெய்துகொண்டிருந்தது.

செல்லி அழுதாள். கன்னியம்மாள் அழவில்லை. கட்டிலை ஒரு தரம் பார்த்தாள். மகளின் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்து, கையைப் பிடித்து, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். அங்கே தரையைக் கூட்டி வைக்கோல் பரப்பி அவளை உட்கார வைத்தாள்.

எல்லப்பன் கொட்டகை வாசல் வரை வந்து நின்றான். திட்டுவாள் என்று காத்திருந்தான். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

அவன் அங்கிருந்து நேராக மழையிலேயே ஏரிக்கரைக்கு நடந்தான்.

"சாமி, கைமரம் போயிடுச்சு."

"யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"இல்லை." அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நான் கட்டின எந்த வீட்டுலயும் இப்படி ஆனதில்லை சாமி."

சாமி தன் காய்ந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"வேற மரம் இருக்கா?"

"இருக்கு."

"விழல்?"

"இன்னொரு அடுக்கு போடலாம்னு பக்கத்து வீட்டுக் கொட்டகையில சேர்த்து வெச்சிருக்கேன். காஞ்சதுதான்."

"மழை விட்டதும் பிரி. ஊசி வாங்க நான் வர்றேன்."

எல்லப்பன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாமியே அந்தப் பலகையில் ஏறுகிறேன் என்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"சரிங்க சாமி" என்றான்.

*

விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது. எல்லப்பன் கூரைமேல் ஏறினான். சாமி கீழே நின்று விழுகிற விழலை ஒதுக்கினார். கன்னியம்மாள் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மேல் அடுக்குகளைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தான். பாயைச் சுருட்டி இழுத்ததுபோல மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்தது. அது எந்த வரிச்சோடும் கட்டப்பட்டிருக்கவில்லை. அவன் தனியாக ஏறி, தனியாகக் குத்தி, தனியாக முடிச்சுப் போட்ட வருஷங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் விழுந்தன.

அடியில் இருந்தது கடைசி அடுக்கு. புகை குடித்துக் கறுத்திருந்தது. ஆனால் இற்றுப்போகவில்லை. கயிறும் இற்றுப்போகவில்லை. இற்றுப்போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. இப்போது ஒவ்வொன்றையும் அவன் கையாலேயே அறுக்க வேண்டும்.

அரிவாளை வைத்தான். முதல் கட்டு அறுந்தது. இரண்டாவது அறுந்தது. இறவாரத்திலிருந்து மேலே போகப்போக அவன் கை மெதுவாகிக்கொண்டே வந்தது.

ஓர் இடத்தில் கயிறு வெட்டாமலே கையோடு வந்தது. அவன் குனிந்து பார்த்தான். ஊசி உள்ளே போயிருக்கிறது, திரும்ப மேலே வந்திருக்கிறது, ஆனால் வரிச்சைச் சுற்றவே இல்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மோட்டுக்குப் பக்கத்தில், சின்னக் கை எட்டி எட்டி வலித்திருக்கும் இடத்தில், ஒரு வரிசை முழுக்கப் பொய்க் கட்டு.

வாங்கின ஊசியை அப்படியே திருப்பிக் குத்திவிட்டு "வந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள்.

எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூரையின்மேல் குந்தியபடி, கையில் அந்தக் கயிற்றோடு, தோள் குலுங்கச் சிரித்தான். "திருட்டுக் கழுதை" என்றான். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

கீழே கன்னியம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் குடம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க?" என்றாள். "என்ன அங்க?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லை."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். பிறகு குடத்தை இறக்கி மறு இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள்.

சாமி விழலை ஒதுக்குவதை நிறுத்திவிட்டு அவள் போவதைப் பார்த்தார்.

பழைய விழலை எல்லாம் கூடையில் அள்ளி வயலில் கொட்டினார்கள். புகை ஏறிய விழல் பயிருக்கு நல்ல உரம். எல்லப்பன் அந்தக் கயிற்றுத் துண்டுகளை மட்டும் மடியில் செருகிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் புதுக் கைமரத்தை ஏற்றி, முளை அடித்து, வரிச்சு கட்டி முடித்தான்.

*

மறுநாள் வேய்ச்சல். எல்லப்பன் விழல் கட்டுகளை மேலே ஏற்றிக்கொண்டான். சாமி வீட்டுக்குள் போனார். பலகை கிறீச்சிட்டது.

எல்லப்பன் இறவாரத்து வரிசையைப் பரப்பினான். ஊசியில் கயிறு கோத்தான். வாய் தன்னால் திறந்தது. மூடிக்கொண்டான். சாமியைப் பார்த்து "வருது" என்று எப்படிக் கூவுவது? ஊசியைக் குத்தி, அதன் தலையில் விரலால் தட்டினான்.

ஊசி உள்ளே போனது. கொஞ்சம் தாமதித்தது. தப்பான இடத்தில் மேலே வந்தது. அவன் பொறுத்துக்கொண்டு திரும்பக் குத்தினான். மறுபடியும் தாமதம். மறுபடியும் தப்பு. சாமிக்குப் பழக்கமில்லை, பாவம்.

உள்ளிருந்து சாமியின் குரல் கேட்டது.

"அம்மா, இங்கே கொஞ்சம் வா."

ஏதோ பேச்சு நடந்தது. என்னவென்று மேலே கேட்கவில்லை. பலகை மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு அமைதி.

எல்லப்பன் குத்தினான். தட்டினான். ஊசி இந்தத் தரம் சரியான இடத்தில் வந்தது. கயிற்றை இழுத்தான். வரிச்சைச் சுற்றி இறுகப் பிடித்திருந்தது. பரவாயில்லை, சாமிக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

வேலை ஓடியது. குத்துவான், தட்டுவான், ஊசி வரும். இறவாரம் முடிந்தது. நடுச்சாய்வு வந்தது. வெயில் ஏறியது. கொட்டகையில் செல்லி ஏதோ முனகுவது கேட்டது. பிறகு அவள் யாரையோ பார்த்துச் சிரிப்பதும் கேட்டது. இன்னும் நேரம் இருக்கிறது, இன்றைக்குள் முடித்துவிட்டால் பெண் வீட்டுக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

மோட்டுக்குப் பக்கத்தில் வந்தான். எட்டி வலிக்கும் அந்த இடம். இங்கே தளர்ந்துதான் வரும் என்று எதிர்பார்த்தான். குத்தினான். தட்டினான்.

ஊசி வந்தது. கயிறு இறுக்கமாக இருந்தது. ஒரு சுற்று அல்ல, இரண்டு சுற்று.

அவன் அதை இழுத்து முடிச்சுப் போட்டான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஈரமாயிருந்தது.

மழை இல்லை. வியர்வையா என்று பார்த்தான். இல்லை. கயிறுதான். விரலால் தடவினான். கத்தாழை நார் கொட்டாங்குச்சித் தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல் மெத்தென்றிருந்தது. நனைத்த நார் கையை அறுக்காது. காலையிலிருந்து தன் கை காந்தவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பச்சைக்கு அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை. இதைச் சாமிக்கு யார் சொன்னது?

அவன் நிமிர்ந்தான். அந்த உயரத்திலிருந்து ஊர் தெரிந்தது. கொட்டகை வாசல் தெரிந்தது. அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, செல்லிக்கு ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார் சாமி.

எல்லப்பன் ஊசியை விழலில் செருகிவிட்டுக் குனிந்தான்.

"சாமி" என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். "சாமி."

சாமி விசிறியை வைத்துவிட்டு எழுந்து கூரையோரம் வந்து நின்றார்.

"என்னப்பா?"

"நீங்க உள்ள இல்லியா?"

"ரெண்டு மூணு கட்டுதான் நான் வாங்கினேன். எனக்கு வரலை."

"அப்ப ஊசியை யாரு வாங்குறது?"

எல்லப்பனின் முழங்காலுக்குப் பக்கத்தில் விழல் அசைந்தது. இன்னும் ஊசியை அனுப்பவில்லையே என்று கேட்பதுபோல், உள்ளிருந்து வரிச்சை யாரோ விரலால் தட்டினார்கள். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு தட்டாமல் காத்திருந்தார்கள்.

எல்லப்பன் மடியில் கை வைத்தான். பழைய கயிற்றுத் துண்டுகள் அங்கேதான் இருந்தன.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன் சாமி" என்றான். "யார்கிட்டச் சொல்றதுன்னு."

"கேட்டே."

"நீங்க சொல்லவே இல்லை."

சாமி அண்ணாந்து அவனைப் பார்த்தார்.

"கீழே ஒருத்தி ரொம்ப வருஷமா உட்கார்ந்துதான் இருக்கா, எல்லப்பா. உன் ஊசிதான் வரலை."